ஸ்போர்ட்ஸ் காரில் ஆக்சிஜன் சென்சார் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். சொந்தமாக ஓட்டுவது நிசான் 350இசட். தைப்பூசத்தன்று கோயில் வாகன நிறுத்தத்தில் நிற்கும்போதும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும்போதும் சரி, தம்பிமார் வந்து கேட்பதில் பாதி இந்த ஒரு சென்சாரைப் பற்றியது. எல்லோருக்கும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். காரை நேசிப்பவர்கள் தெரியாமல் காசை இழப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுவது இது.

இந்த ஆக்சிஜன் சென்சார் என்னதான் செய்கிறது?

எஞ்சினுக்குள் எரிந்து முடித்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவுக்குச் சொல்கிறது. முனையில் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரு பக்கத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிப்படும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று கூடினால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையில் 0.45 வோல்ட் அளவில் நிற்கும். ஈசியு இதைப் பார்த்துத்தான் அடுத்த சுற்றில் பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

1976இல் போஷ் இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. முதலில் ஏறிய கார்களில் ஒன்று வால்வோ. அந்தப் பிளாட்டினத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. உலகத்துப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு நம் ருஸ்டன்பெர்க் சுற்றுவட்டாரச் சுரங்கங்களிலிருந்து வருவது. இந்த மண்ணிலிருந்து போன உலோகம் உலகெங்கும் கார்களின் அடியில் வேலை செய்கிறது.

மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேன் போட்டதில் ஆக்சிஜன் சென்சார் என்று வருகிறது. மாற்றிவிடலாமா?

பொறுங்கள், தம்பி. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான்: சென்சார் ஒரு சாட்சி. எஞ்சினில் நடந்ததை அது சொல்கிறது. சொன்ன செய்தி பிடிக்கவில்லை என்று சாட்சியைத் தண்டித்தால் குற்றவாளி உள்ளேயேதான் இருப்பான்.

என் காருக்கே நடந்தது இது. வாங்கிய சில மாதத்தில் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற கோடு, அதாவது பிழை எண். பேங்க் 1இல், அதாவது ஒரு பக்கத்துச் சிலிண்டர் வரிசையில், கலவை மெலிந்திருக்கிறது (காற்று கூடி, பெட்ரோல் குறைந்திருக்கிறது) என்று பொருள். காரை விட்ட இடத்தில் சென்சார் என்று சொன்னார்கள், நானும் நம்பி முன்பக்கச் சென்சார் இரண்டையும் மாற்றக் காசு கொடுத்தேன். பத்து நாளில் அதே விளக்கு, அதே கோடு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பக்கத்தில் காது வைத்துக் கேட்டபோது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். எனக்கு முன் வைத்திருந்தவர் ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மாட்டியிருக்கிறார், அந்த இணைப்பில் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. புகை ஒவ்வொரு துடிப்பாக வெளியேறும்போது, இரண்டு துடிப்புக்கு நடுவில் அந்தச் சந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சாருக்கு அந்த ஆக்சிஜன் தெரியும். அது உண்மையைத்தான் சொன்னது. ஈசியு மட்டும் எஞ்சினில் பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் ஊற்றியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஒரு கேஸ்கெட்டில் தீர்ந்திருக்க வேண்டியது பல ஆயிரம் ராண்டில் போய் முடிந்தது.

ஆகவே கோடு என்ன சொல்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பி0135, பி0141, பி0155, பி0161 என்று வந்தால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சுற்றில் கோளாறு. இங்கே சென்சாரையே சந்தேகிக்கலாம். ஆனாலும் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் ஒரே ஃபியூஸ் எல்லா ஹீட்டருக்கும் போகும், அது எரிந்தால் நான்கு கோடும் சேர்ந்தே வரும். பி0133 அல்லது பி0153 என்றால் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது, அது மூப்பாக இருக்கலாம். பி0171, பி0174, பி0172, பி0175 ஆகியவை கலவையைப் பற்றிய செய்தி. அதற்குச் சென்சார் மாற்றுவது கடைசி வேலை. பி0420, பி0430 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரிவரச் செய்யவில்லை என்ற புகார். பின்பக்கச் சென்சாரை மாற்றி அது தீர்ந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கலவை மெலிவு என்று வந்தால் எங்கே தேடுவது?

ஒரு பேங்கில் மட்டும் வந்தால் அந்தப் பக்கத்துக்கே உரிய காரணம்: எக்ஸாஸ்ட் கசிவு, அந்தப் பக்கத்து இன்ஜெக்டர், அல்லது அந்தச் சென்சார். இரண்டு பேங்கிலும் சேர்ந்து வந்தால் பொதுவான காரணம்: காற்றளவு சென்சாரில் அழுக்கு, பெட்ரோல் அழுத்தக் குறைவு, இன்டேக் குழாயில் வெடிப்பு. ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவைப் பாருங்கள். ஐடிலில் அதிகமாகக் கூட்டி, 2500 ஆர்பிஎம் போனதும் இயல்புக்கு வந்தால் பெரும்பாலும் வாக்வம் கசிவுதான், அதாவது இன்டேக் பக்கத்தில் எங்கோ வெளிக்காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது.

மிஸ்ஃபயர் இருந்தாலும் இப்படியே ஏமாறுவோம். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் வரும், பயன்படாத ஆக்சிஜனும் வரும். சென்சார் கண்ணுக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டுமே. அதனால் பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கும்போதும் அது மெலிவு என்றே சொல்லும்.

பேங்க் 1 என்பது எந்தப் பக்கம்? சென்சார் 1, 2 என்றால்?

ஒன்றாம் நம்பர் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் 1. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1 (முன்பக்கச் சென்சார்), பின்னால் இருப்பது சென்சார் 2 (பின்பக்கச் சென்சார்). இதைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர்.

நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. ‘பயணி பக்கம்’ என்று அவர்கள் சொல்வது வலப் பக்கம். நமக்கு அது ஓட்டுநர் பக்கம். 350இசட்டின் வி6 எஞ்சினில் பேங்க் 1 வலப் பக்கம், அதாவது தென்னாப்பிரிக்காவில் ஸ்டீயரிங் இருக்கும் பக்கம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்த்து வலம், இடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. ஸ்டீயரிங் தண்டும் அந்தப் பக்கமே இறங்குவதால் வீடியோவில் சுலபமாகக் கை போகிற இடத்தில் நமக்குக் கை போகாது. அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் சிக்ஸ் எஞ்சினில் இடம் வலம் கிடையாது. பிஎம்டபிள்யூ இ46 எம்3இல் முன் மூன்று சிலிண்டர் பேங்க் 1, பின் மூன்று பேங்க் 2.

என் காரில் மொத்தம் எத்தனை?

மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற நான்கு சிலிண்டர் காரில் சாதாரணமாக இரண்டு. வி6, வி8, இரண்டு கன்வெர்ட்டர் கொண்ட இன்லைன் சிக்ஸ் என்றால் நான்கு. 1990களின் தொடக்கத்துக் கார்களில் ஒன்று மட்டுமே இருக்கலாம், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ஹீட்டர் இல்லாத பழைய ஒற்றைக் கம்பி வகை 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை தாங்கும். ஹீட்டர் உள்ளவை 1,00,000 கிலோமீட்டர் அளவில், பிந்தைய தட்டை வகை 1,60,000 கிலோமீட்டர் அளவில். இவை வழிகாட்டும் எண்கள்தான். கோடு இல்லை, மைலேஜ் குறையவில்லை, ஸ்கேனரில் அலை நன்றாக ஆடுகிறது என்றால் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சென்சாரைக் கெடுப்பது எது?

முதுமைக்கு அடுத்தபடி விஷம்தான். ஈயம் கலந்த பெட்ரோல் முதல் எதிரி. 2006 ஜனவரியோடு அது தென்னாப்பிரிக்காவில் நின்றது. அதன்பின் பழைய கார்களுக்காக எல்ஆர்பி என்று ஒரு பெட்ரோல் வந்தது. ஈயத்துக்குப் பதிலாக வேறு சேர்மானம் கலந்தது அது. கன்வெர்ட்டர் உள்ள காரில் அதை ஊற்றக் கூடாது.

இரண்டாவது சிலிக்கோன். சாதாரண சிலிக்கோன் கேஸ்கெட் பசையை எஞ்சின் வேலைக்கு எடுத்துவிடுகிறார்கள். அதன் ஆவி உள்ளே போய்ச் சென்சார் முனையில் வெள்ளைப் படலமாகப் படியும். டியூபின் மேல் ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது, ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் எரிவது. நான்காவது, ஆயில் எரிவது. மஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி எஞ்சின் தன் அமைப்பிலேயே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிப்பது. அதை வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே சென்சாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய சென்சாரின் முனையைப் பார்த்தே பாதிக் கதை சொல்லிவிடலாம். மெல்லிய சாம்பல் அல்லது பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் ஆரோக்கியம். கறுத்த வறட்டுக் கரி என்றால் பெட்ரோல் கூடுதல். கருமையோடு எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில். வெள்ளைப் படிவு என்றால் சிலிக்கோன் அல்லது கூலன்ட். விஷம் ஏறிய சென்சாரை மாற்றிவிட்டு விஷத்தின் ஊற்றை அடைக்காமல் விட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

கழுவி மறுபடி மாட்டலாமா?

வேண்டாம். பெட்ரோலில் ஊறவைப்பது, கார்ப் கிளீனர் அடிப்பது, நெருப்பில் காட்டுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும் கரி போகலாம், பீங்கானின் நுண்துளைக்குள் இறங்கிய ஈயமோ சிலிக்காவோ போகாது.

நான் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். உயரத்தால் சென்சார் தவறாகக் காட்டுமா, அண்ணே?

காட்டாது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே. அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்றே குறைவதால் ஈசியு பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைக்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்ப்பவர்களில் ஒருவர் இந்தச் சென்சார்தான். என்3 சாலையில் டர்பனிலிருந்து மேலே ஏறும்போது வழி நெடுக அது ஓயாமல் திருத்திக்கொண்டே வருகிறது என்பதை ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஒருமுறை பாருங்கள், அந்தச் சின்னப் பீங்கான் மேல் மரியாதை வரும்.

வேறுபாடு இருப்பது துருவில். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. டர்பன் கடலோரமான பிளஃப் பக்கம் இரவெல்லாம் வெளியே நிற்கும் காரின் சென்சார் மரையும், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துக் காரின் மரையும் ஒன்றல்ல. எங்கள் பக்கத்துக் கார் என்றால் கழற்றுவதற்கு இரண்டு மடங்கு பொறுமை வேண்டும்.

எந்தச் சென்சார் வாங்குவது?

காருக்கு முதலில் செய்து கொடுத்த நிறுவனத்தின் சென்சாரையே வாங்குங்கள். ஜெர்மன் கார்களுக்குப் பெரும்பாலும் போஷ், ஜப்பானியக் கார்களுக்குப் பெரும்பாலும் டென்சோ அல்லது என்டிகே. காரின் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் வாங்கிய பிறகே கடைக்குப் போங்கள்.

முன்பக்கச் சென்சார் பல புதிய கார்களில் வைட்பேண்ட் வகை, கலவை எவ்வளவு கூடியது, குறைந்தது என்று அளவாகவே சொல்வது. போஷ் எல்எஸ்யு 4.9 போன்றது, ஐந்து கம்பி. கூடுதலா குறைவா என்று மட்டும் சொல்லும் பழைய நேரோபேண்ட் நான்கு கம்பி. ஆனால் கம்பியை எண்ணி மட்டும் முடிவு கட்டாதீர்கள். டொயோட்டாவில் வரும் டென்சோ ஏஎஃப் (காற்று-பெட்ரோல் விகித) சென்சாருக்கும் நான்கு கம்பிதான், அதன் இடத்தில் நேரோபேண்டை மாட்டினால் ஈசியுவுக்கு ஒன்றும் புரியாது.

‘யூனிவர்சல்’ என்று கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வகை விலை குறைவு. பழைய கனெக்டரை வெட்டி ஒட்டவேண்டும். இதில் கம்பி நிறம்தான் பெரிய பொறி. போஷின் நான்கு கம்பி வகையில் கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த், வெள்ளை இரண்டும் ஹீட்டர். டென்சோவில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். கறுப்போடு கறுப்பைச் சேர்த்தால் ஹீட்டருக்குப் போக வேண்டிய பேட்டரி மின்சாரம் சிக்னல் வழியே ஈசியுவுக்குள் போகலாம். ஸ்போர்ட்ஸ் கார் ஈசியுவின் விலைக்கு முன்னால் சென்சாரில் மிச்சம் பிடித்த காசு எம்மாத்திரம்?

இன்னொன்று, அந்தக் கம்பிகளைச் சால்டர் செய்யாதீர்கள். பல சென்சார்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்று கம்பி உறைக்குள் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் போகிறது. ஈயம் உருகி அந்த வழியை அடைத்துவிடும். உலோகக் குழலில் வைத்து அழுத்தி இணைக்கும் கிரிம்ப்தான் முறை. கனெக்டருக்குள் கிரீஸ் பூசக் கூடாது என்பதும் இதே காரணத்தால்.

போலிகளும் சந்தையில் நிறைய. பெட்டி அச்சு அசல் போலவே இருக்கும். சென்சார் உடலில் நம்பர் பொறித்திருக்கிறதா, மங்கிய மையில் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். அசல் விலையில் கால்வாசிக்கு யாராவது கொடுத்தால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

என்ன கருவிகள் வேண்டும்?

ஜாக், கூடவே கட்டாயம் நல்ல ஸ்டாண்டு. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டாதீர்கள், உங்கள் வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களை நினைத்துச் சொல்கிறேன். 22 மில்லிமீட்டரில், கம்பி நுழைய ஒரு பக்கம் பிளந்த சென்சார் சாக்கெட். துரு இளக்கும் எண்ணெய். டார்க் ரெஞ்சு. எம்18×1.5 அளவில் மரை சுத்தம் செய்யும் டேப் (மரை வெட்டும் எஃகுக் கருவி). கண்ணாடி, கையுறை.

எப்படிக் கழற்றுவது? இறுகிப்போயிருக்கிறது.

முதல் நாள் மாலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின், சென்சாரின் அடிவாரத்தில் துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். இரவு முழுவதும் ஊறட்டும். சூடான எக்ஸாஸ்ட் மேல் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

மறுநாள் வெளியிடத்தில் வைத்து எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது மரை கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். கொதிக்கக் கொதிக்கக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை: கை வெந்துபோகும், அவசரத்தில் சாக்கெட் வழுக்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கனெக்டரைப் பிரிக்கும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்தி எடுங்கள். வெயிலிலும் சூட்டிலும் வெந்த பிளாஸ்டிக், நகம் பட்டாலே ஒடியும்.

பழைய சென்சாரைத் தூக்கிப்போடப் போகிறோம் என்பது உறுதியானால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கம்பியைச் சென்சாருக்கு நெருக்கமாக வெட்டிவிட்டு, 22 மில்லிமீட்டர் முழு ரிங் ஸ்பேனரை மேலே இறக்குவது. பிளந்த சாக்கெட் பலம் கொடுத்தால் வாய் விரியும், ரிங் ஸ்பேனர் ஆறு முகத்தையும் கவ்விப் பிடிக்கும். புதிய சென்சார் கையில் சரியான கனெக்டரோடு இருப்பதைப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

அசையவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை. பிறகு தளர்த்தும் பக்கம் கால் சுற்று. மறுபடி எண்ணெய், மறுபடி இறுக்கம், மறுபடி தளர்த்தல். முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுத்தால் துருத்தூள் வெளியே வரும், மரை பிழைக்கும். ஒரே மூச்சில் சுழற்றினால் அந்தத் தூளே மரையை அரைத்துவிடும். என் அனுபவத்தில் ஒரு சென்சாருக்கு இருபது நிமிடமும் ஆகியிருக்கிறது, இரண்டு மணி நேரமும் ஆகியிருக்கிறது. கழற்றும்போது ‘கிரீச்’ என்று கத்தினால் நிறுத்துங்கள், எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மரை போய்விட்டால்?

லேசான காயம் என்றால் எம்18×1.5 டேப்பை எண்ணெய் தடவிக் கையாலேயே மெல்ல ஓட்டினால் சரியாகும். மரையே உருவி வந்துவிட்டால் இன்சர்ட் போடலாம், அல்லது பழைய ‘பங்’கை (சென்சார் திருகி உட்காரும் மரை வளையம்) வெட்டிவிட்டுப் புதியதை வெல்டிங் செய்யலாம். வெல்டிங் செய்யும்போது எந்தச் சென்சாரும் எக்ஸாஸ்டில் மாட்டியிருக்கக் கூடாது, பேட்டரியும் கழற்றியிருக்க வேண்டும்.

ஹெடர் மாற்றுபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி. அந்த ‘பங்’கை எந்தக் கோணத்திலும் ஒட்டிவிடக் கூடாது. சென்சாரின் முனை கீழ்நோக்கி, கிடைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். அடிப்பக்கமாக மாட்டினால் குளிர்ந்த எக்ஸாஸ்டில் தேங்கும் நீர் முனையில் சேரும். காலையில் ஹீட்டர் சூடேறும்போது அந்த நீர் பட்டுப் பீங்கான் விரிசல் விடும். டர்பன் ஈரக்காற்றில் இது இன்னும் நெருங்கிய ஆபத்து.

புதியதை மாட்டும்போது எதைக் கவனிப்பது?

கீழே போடாதீர்கள். போட்டுவிட்டால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே பீங்கான் உடைந்திருக்கலாம். முனையைக் கையால் தொடாதீர்கள். புதிய சென்சாரின் மரையில் பெரும்பாலும் இறுகாமல் காக்கும் பசை பூசியே வரும். இல்லையென்றால் அதிக வெப்பம் தாங்கும், சென்சாருக்கு ஒத்த பசையை மரையில் மட்டும் மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள். முனையில் ஒரு பொட்டுப் பட்டாலும் கெடுதல்.

முதல் சில சுற்றைக் கை விரலாலேயே போட வேண்டும். விரலுக்கு இசையாத மரையை ஸ்பேனருக்கு இசைய வைக்கக் கூடாது. பிறகு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் பழுதுபார்க்கும் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

கம்பியைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். எத்தனையோ பேர் இதை அலட்சியம் செய்கிறார்கள். தொங்கும் கம்பி எக்ஸாஸ்டில் பட்டு உருகும், அல்லது சுழலும் புரொப்பல்லர் தண்டில் சிக்கும். அப்படி எர்த் ஆகி ஃபியூஸ் போன ஒரு காரை, புதிய சென்சார் பழுது என்று சொல்லித்தான் என்னிடம் இழுத்து வந்தார்கள்.

நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டுமா?

முன்பக்க ஜோடி ஒரே வயது என்பதால் ஒன்று மூப்பில் போனால் மற்றதையும் சேர்த்து மாற்றுவது நியாயம், இரு பேங்கும் ஒரே வேகத்தில் பதில் சொல்லும். பின்பக்கச் சென்சார்களுக்கு முக்கிய வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. அவை கெடாதவரை தொடாதீர்கள். கையில் காசு நெருக்கடி என்றால் கெட்டதை மட்டும் மாற்றுங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை.

மாற்றியபின் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கோடுகளை அழித்துவிட்டு எஞ்சினைச் சூடாக்கி, ஸ்கேனரில் நேரடி எண்களைப் பாருங்கள். முன்பக்கம் நேரோபேண்ட் என்றால் 0.1க்கும் 0.9க்கும் நடுவே சுறுசுறுப்பாக ஏறி இறங்க வேண்டும். பின்பக்கம் 0.6, 0.7 வோல்ட் சுற்றுவட்டத்தில் அமைதியாக நிற்க வேண்டும். பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, அல்லது அதன் அருகில் கசிவு. வைட்பேண்டில் வோல்ட்டைப் பார்த்துப் பயனில்லை. ஃபியூயல் ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நாளில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஈசியு புதிதாகக் கற்றுக்கொள்ளவும், தன் சோதனைகளை முடிக்கவும் குளிர்ந்த ஸ்டார்ட், நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் எல்லாம் சில முறை வேண்டும். நான் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் இறங்கி என்2இல் சீராக ஓட்டிவிட்டு வருவேன். ஒரு வாரம் கழித்துக் கோடு திரும்பவில்லை என்றால் நிம்மதி.

கெட்ட சென்சாரோடு ஓட்டிக்கொண்டே இருக்கலாமா? ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் நன்றாகத்தானே இழுக்கிறது?

முழுக்க மிதிக்கும்போது பல கார்களில் ஈசியு இந்தச் சென்சாரின் பேச்சைக் கேட்பதே இல்லை, தன் மனப்பாடக் கணக்கில் ஓடும். அதனால்தான் அங்கே குறை தெரிவதில்லை. அடி விழுவது மெதுவாகச் செல்லும் ஓட்டத்தில். கூடுதல் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியை உருக்கிவிடும். சென்சாரின் விலையோடு கன்வெர்ட்டர் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாள் ஓட்டலாம், மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் உடனே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். அது கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் என்ற எச்சரிக்கை.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் பின்பக்கச் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டு ஏமாற்றலாம் என்கிறார்களே?

சென்சாரைக் குழாயிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி வைப்பதுதான் ஸ்பேசர். அதற்குப் புகை குறைவாகப் போகும், எல்லாம் நலம் என்று சொல்லும். விளக்கு அணையும், உண்மை. நான் போட்டுத் தரமாட்டேன். என் பட்டறை மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல். அந்த வீட்டு ஆயாவுக்கு ஆஸ்துமா. கன்வெர்ட்டர் இல்லாத புகை முதலில் போய்ச் சேருவது அங்கேதான். வண்டியை விற்கும்போது, சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்தி சோதனைக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கும், வாங்குபவர் கையில் அந்த ஏமாற்றும் சேர்ந்து போகும்.

மாமா, நானே செய்யலாமா, பட்டறைக்குக் கொடுக்கலாமா?

காரின் மேல்பக்கமிருந்தே கை எட்டும் இடத்தில் சென்சார் இருந்து, வண்டியும் துருப்பிடிக்காததாக இருந்தால் நீயே செய். எம்எக்ஸ்-5இன் முன்பக்கச் சென்சார் முதல் வேலைக்கு நல்ல பாடம். கடலோரத்தில் பதினைந்து வருடம் நின்ற வி6, ஸ்டீயரிங் தண்டுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் என்றால், முதல் நாள் எண்ணெய் மட்டும் விட்டுவிட்டு மறுநாள் லிஃப்ட் இருக்கும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போ. எங்கே கொடுத்தாலும் இரண்டைக் கேட்டு வாங்கு: மாற்றுவதற்கு முன் எடுத்த ஃபியூயல் ட்ரிம் எண்கள், மாற்றியபின் கழற்றிய பழைய சென்சார். அந்தப் பழைய முனையின் நிறத்தை வெயிலில் வைத்துப் பார்.